மலைக்குத் தண்ணீர் சுமந்த வேலாமணி

நீலகிரி மலைக்குத் தண்ணீர் கொண்டுபோகிற ஒரு பெண்ணை நீங்கள் இதுவரை பார்த்ததில்லை என்றால், நீங்கள் இன்னும் வேலாமணியைப் பார்க்கவில்லை. ஊட்டிக்குப் போகிற கூட்டம் ஸ்வெட்டர் கொண்டுபோகும், புளிசாதம் கொண்டுபோகும், குழந்தைக்குக் குரங்குக் குல்லா கொண்டுபோகும். தண்ணீரை யாராவது சுமப்பார்களா? மழைக்காலத்தில் வீட்டுச் சுவரே தண்ணீர் விடுகிற மலை அது. அந்த மலைக்குத்தான் வேலாமணி, கீழ்நாட்டு உப்புத் தண்ணீரை எவர்சில்வர் பால் கேன்களில் அடைத்து, வாயைத் துணியால் கட்டி, அரசுப் பேருந்தில் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ஏறி வருவார்.

அவருக்குப் புத்தி பிசகிவிடவில்லை. குன்னூர் மார்க்கெட்டுக்குக் கீழே படி இறங்கிப் போனால், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருக்கிறது. சின்னச் சின்ன ஃபேக்டரிகளில் தேயிலைத் தூள் வாங்கி, ஒன்றோடொன்று அளவாகக் கலந்து, பை போட்டு, கீழே இருக்கிற டீக்கடைகளுக்கு அனுப்புகிற இடம். வேலாமணியும் ரஞ்சனியும் கூட்டாக நடத்துகிறார்கள். ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களைப் பார்ப்பது வேலாமணி. உள்ளே உட்கார்ந்து தூளைச் சுவைத்துக் கலப்பது ரஞ்சனி. பை போட்டுத் தைக்க மூக்கம்மாவும் இந்துமதியும். கம்பெனி அவ்வளவுதான். ஒரு போர்டு இருந்தது. போன மழையில் விழுந்தது, இன்னும் யாரும் திரும்ப மாட்டவில்லை.

வேலாமணியின் அப்பா அன்னூரிலிருந்து மலையேறி வந்து மளிகைக் கடை வைத்தவர். வேலாமணி படித்து முடித்து, குன்னூரில் தேயிலை வாங்கி விற்கிற ஓர் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தார். அங்கே சுவை பார்க்கிற அறையில் கோப்பைகளை வரிசை வைக்கிற வேலைக்கு வந்தவள்தான் ரஞ்சனி. சிலோனிலிருந்து திரும்பி வந்து பந்தலூரில் குடியேறிய குடும்பத்துப் பெண். கோப்பை வைக்க வந்தவள், யாரும் பார்க்காதபோது ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உறிஞ்சிப் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்ட ஒரே ஆள் வேலாமணி. மேலதிகாரியிடம் போட்டுக்கொடுக்கவில்லை. மாறாக, தனக்கு நாற்பது வயது நடக்கும்போது, கணவர் ஆறுமுகசாமி தலையில் அடித்துக்கொள்ள, வேலையை விட்டுவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் ஆறுமுகசாமிக்கு இன்றைக்கும் அந்த அதிர்ச்சி முழுசாகத் தீரவில்லை.

முதல் வியாபாரப் பயணத்துக்கு லேப்டாப் போனது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ரஞ்சனி ஆசையாகப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கி, அதில் நீலகிரி உயரத்து இத்தலார்த் தோட்டச் சரிவுகளைப் படம் படமாக ஏற்றியிருந்தாள். பனி மூடிய தோட்டம், கொழுந்து பறிக்கும் கைகள், எந்தத் தூளுக்கு என்ன நிறம், என்ன மணம் என்று அட்டவணை. வேலாமணி அதைத் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு, திருச்செந்தூர்ப் பக்கம் உடன்குடிவரை போனார். அங்கே இசக்கியம்மா என்பவருக்கு நெடுஞ்சாலை நெடுக டீக்கடைகள். புருஷன் விட்டுப்போன ஒரே கடையை வைத்துத் தொடங்கி, ரோடு போன இடமெல்லாம் கடையும் போட்டவர்.

டீக்கடையில் லேப்டாப் வைக்க இடம் ஏது? பெஞ்சில் ஈரம். மேடையில் பால் பொங்கிய பிசுக்கு. பாய்லரிலிருந்து ஆவி. கடைசியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரை எழுப்பிவிட்டு, அந்த இடத்தைத் துடைத்து, வேலாமணி படத்தைக் காட்டினார். இசக்கியம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

"ஊரு குளுகுளுன்னு நல்லாத்தான் இருக்கு. ஒரு வாட்டி வந்து பாக்கணும். தூளு எங்கம்மா?"

தூள் கொதித்தது. குன்னூரில் அதே தூள் கோப்பையில் பொன்னாக நின்றது, மணம் அறையைத் தாண்டிப் போனது. உடன்குடியில் அது கழனித் தண்ணீராக வந்தது. நிறமும் இல்லை, ருசியும் இல்லை. வேலாமணி ஒரு வாய் குடித்துவிட்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். அவமானத்தில் காது சுட்டது.

குன்னூர் தேயிலைக்காரர்கள் எல்லாரும் செய்கிற தவறு அது. மலைக் குழாயில் வருகிற பூப்போன்ற தண்ணீரில் தூளைப் போட்டுக் குடித்துப் பார்த்துத் தலையாட்டுவார்கள். பாதி ருசி தண்ணீருடையது என்பது யாருக்கும் தோன்றாது. பிறந்ததிலிருந்து குடிக்கிற தண்ணீர், அதைப் பற்றி யார் யோசிப்பார்கள்? பெரிய கம்பெனிகள் இதையெல்லாம் பார்க்கத் தனியாக ஆள் வைத்திருக்கும். கொட்டகைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு மூட்டையை ஏற்றிவிட்டு, வாங்கினவன் திரும்பக் கூப்பிடவில்லையே என்று கவலைப்படுவார்கள்.

வேலாமணி லேப்டாப்பைப் பைக்கு அடியில் தள்ளினார். இசக்கியம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏனுங்கம்மா, உங்க தண்ணி கொஞ்சம் குடுங்க. எங்க ஊருக்குக் கொண்டு போறேன்."

"இந்தத் தண்ணியவா? எங்க ஊரு மாடே மூஞ்சியத் திருப்பிக்கிடும். அத எதுக்குச் சுமக்கிய?"

"உங்க டீ இதுலதானே கொதிக்குது. நாங்களும் இதுலயே கொதிக்க வெச்சுப் பாக்கறோம்."

அந்தத் தண்ணீரை வைத்து ரஞ்சனி மூன்று நாள் மல்லுக்கட்டி ஒரு கலவையைப் பிடித்தாள். இசக்கியம்மா அதற்கப்புறம் வேறு தூள் தொட்டதில்லை. ஏன் கடையிலேயே கலந்து பார்க்கக் கூடாது என்று கேட்கிறவர்கள் காலை நேரத்து டீக்கடையைப் பார்த்திராதவர்கள். அடுப்பில் ஒரு மூலைகூடக் கிடைக்காது. அதோடு கலவை என்பது ஒரு தடவையில் வருவதில்லை. அரைக் கரண்டி கூட்டி, கால் கரண்டி குறைத்து, நாக்கு மரத்துப்போகும்வரை பார்க்க வேண்டிய வேலை.

அன்றிலிருந்து வேலாமணியின் பயணத்துக்கு லேப்டாப் கிடையாது. போகும்போது தூள் பொட்டலங்களும் காலிக் கேன்களும். வரும்போது தண்ணீர். கையில் ஒரு போன். ஆர்டரை வாட்ஸாப்பில் பேசியே அனுப்பிவிடுவார், பின்னால் பஸ் ஹாரனும் இஞ்சி தட்டுகிற சத்தமும் சேர்ந்து வரும். ரஞ்சனி அதைக் கேட்டு, கொட்டகையில் இருக்கிற லேப்டாப்பில் ஏற்றிக்கொள்வாள். கொட்டகையின் பின்பக்கம் பரமக்குடி, அருப்புக்கோட்டை, உடன்குடி என்று ஊர்ப்பெயர் ஒட்டிய கேன்கள் வரிசையாக நிற்கும். புதிதாக வருகிறவர்கள் ஏதோ கோயில் தீர்த்தம் என்று நினைத்து, கேட்காமலே கண்ணில் ஒற்றிக்கொள்வதும் உண்டு.

இந்த வருடம் தை பிறந்ததும் இசக்கியம்மாவிடமிருந்து போன் வந்தது. எடுத்த எடுப்பில் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஏம்மா, தூள மாத்திட்டியளா? டீ சப்புன்னு கிடக்கு. லாரிக்காரங்க ஒரு கிளாஸ் குடிச்சிட்டு அடுத்த கடைக்குப் போயிருதாங்க. எனக்கு உங்க மேல கோவமில்ல. ஆனா அடுத்த லோடும் இப்படி வந்தா நான் வேற ஆளப் பாத்துக்கிடுவேன். சொல்லாமப் போனேன்னு இருக்கக் கூடாதுல்லா, அதான் சொல்லுதேன்."

தூள் மாறவில்லை. துருவிக் கேட்டதில் தெரிந்தது, தண்ணீர்தான் மாறியிருந்தது. ரோடு அகலப்படுத்துகிற வேலையில் குழாய்த் தண்ணீர் நின்றுபோய், கடைகளுக்கெல்லாம் புதிதாகப் போர்வெல் போட்டிருந்தார்கள். முன்பு உப்பு, இப்போது உப்புக்கும் மேலே.

ரஞ்சனி லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து வந்து, பை தைக்கிற இருவருக்கும் கேட்காத தூரத்தில் நின்று சொன்னாள்.

"அக்கா, இசக்கியம்மா போயிட்டாங்கன்னா நம்ம சரக்குல பாதி போயிரும். மறைச்சுப் பேச ஒண்ணுமில்ல. ரெண்டு பேரையும் நிறுத்தத்தான் வேணும்."

வேலாமணி அந்தப் பக்கம் பார்த்தார். மூக்கம்மா மகளை இழந்து பேத்தியை வளர்ப்பவர். இந்துமதி எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டை விட்டு வெளியே வந்து, குன்னூரில் ஓர் ஒற்றை அறைக்கு முதல்முதலாகத் தன் பெயரில் வாடகை கொடுக்கிறவள். இந்தக் கொட்டகைதான் இருவருக்கும் சோறு.

"அவிங்ககிட்ட ஒண்ணும் சொல்லாத கண்ணு. நான் போயிட்டு வந்துர்றேன்."

"இந்த வாட்டியாச்சும் லேப்டாப் எடுத்துட்டுப் போங்கக்கா. உங்க போன் கேமரால கலர் சரியா வராது, லேப்டாப்ல இருந்து வீடியோல காட்டுங்க, கலர நான் இங்கிருந்தே பாத்துக்கறேன். இசக்கியம்மாவும் நேரா பேசிக்கலாம்."

யோசனை தப்பில்லை. வேலாமணி லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போய், கட்டில் மேல் அதையும் கேன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது தோள் போன வருடம் வழுக்கி விழுந்ததிலிருந்து சுமை தாங்குவதில்லை. இருக்கிறது ஒரு தோள். லேப்டாப்பும் சார்ஜரும் ஏறினால் ஒரு கேன் இறங்க வேண்டும். தூக்கிப் பார்த்தார், இறக்கி வைத்தார், மறுபடி தூக்கிப் பார்த்தார்.

ஆறுமுகசாமி கதவோரம் நின்றபடி கேட்டார். "ஏன் வேலா, பிசினஸ்க்குப் போற ஆளுக லேப்டாப்போட போவாங்க. நீ பால்காரி மாதிரி போறயே?"

"ஏனுங்க, கலரைக் கண்ணால பாத்துக்கலாம். ருசிய எந்த வீடியோல பாக்கறது?" என்றார் வேலாமணி. லேப்டாப் கட்டிலிலேயே கிடந்தது. ஆறுமுகசாமி முணுமுணுத்துக்கொண்டே கேன்களை வெந்நீர் ஊற்றிக் கழுவிக் கொடுத்தார். மனுசன் வாய்தான் அப்படி.

உடன்குடியில் காரியம் சீக்கிரம் முடிந்தது. இசக்கியம்மா கோபமாக இருந்தாலும் சாப்பாடு போட்டார். கடை கடையாகப் போய்ப் போர் தண்ணீர் வாங்கினார்கள். மற்றக் கடைகளில் பரவாயில்லை. பெரிய கடையில்தான் தண்ணீர் ரொம்ப மோசம்; பாதிக்கு மேல் வியாபாரம் நடக்கிற கடையும் அதுதான். அந்தக் கேனுக்கு மட்டும் வேலாமணி சிவப்புத் துணி கட்டினார்.

மேட்டுப்பாளையத்தில் குன்னூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது கால் நனைந்தது. குனிந்து பார்த்தால் சிவப்புத் துணி சொட்டுகிறது. மூடிக்குள் இருக்கிற வாஷர் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. பாதி கேன் ஏற்கெனவே போய்விட்டது. மற்ற கேன்கள் விளிம்புவரை நிரம்பியிருக்கின்றன, கலக்கவும் கூடாது. பஸ் கிளம்ப நிற்கிறது. வேலாமணி ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி, நல்ல தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு, மீந்த உப்புத் தண்ணீரை அதில் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகிக்கொண்டு ஏறினார். கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

மலைக்காரப் பெண்தான். பிளாஸ்டிக் பாட்டில் மேலே போகக் கூடாது என்பது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பதற்றத்தில் அத்தனையும் மறந்துபோனது. பர்லியாறு சோதனைச் சாவடியில் பஸ் நின்று, பை பார்க்கிறவர் உள்ளே ஏறியபோதுதான் நினைவு வந்தது.

"பாட்டில் மேல போகக் கூடாதுங்கம்மா. ஊத்திட்டு இங்க போட்டுருங்க."

"பாட்டில நீங்களே வெச்சுக்கங்க. தண்ணி மட்டும் வேணுங்க."

"தண்ணிக்கா பஞ்சம்? அதோ தண்ணி மெஷின் இருக்குது பாருங்க. நல்ல தண்ணியாவே புடிச்சுக்கங்க."

"நல்ல தண்ணி எனக்கு வேண்டாங்க!"

பஸ்ஸே சிரித்தது. வேலாமணிக்கு அழுகை முட்டியது. அவருக்கு அந்தச் சட்டத்தின் மேல் கோபம் இல்லை. காட்டுமாடு பிளாஸ்டிக் மென்றுகொண்டு நிற்பதைக் கொட்டகை வாசலிலேயே பார்த்தவர் அவர். மடியில் பாட்டிலை அணைத்துக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்துக் கேட்டார்.

"யாராச்சும் ஒரு எவர்சில்வர் பாட்டில் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும். குன்னூர்ல கழுவித் திருப்பிக் குடுத்துர்றேன்."

ஒருவர் காபி பிளாஸ்கை நீட்டினார். காபி வாடை இருக்கும், ஆகாது என்றார் வேலாமணி. ஓர் அம்மா ரசம் கொண்டுவந்த தூக்கைக் காட்டினார், அதுவும் ஆகாது. பிச்சை கேட்கிற ஆளுக்கு இத்தனை வக்கணையா என்று பின்சீட்டில் யாரோ சொன்னார்கள். கண்டக்டர் வெற்றிச்செல்வன் அதுவரை விசில் வாயில் வைத்துக்கொண்டு பொறுமை இழந்து நின்றிருந்தவர், முன்னால் வந்தார்.

"ஏனுங்கக்கா, நானும் ரொம்ப நாளாப் பாக்கறேன். அடிக்கடி தண்ணி தூக்கிட்டு வர்றீங்க. என்னதாங்க சமாச்சாரம்?"

வேலாமணி சொன்னார். தூள், உப்புத் தண்ணீர், இசக்கியம்மா, எல்லாம் சொன்னார். கொட்டகையில் இருக்கிற இரண்டு பேரையும் சொன்னார். ரஞ்சனியைத் தவிர வேறு யாரிடமும் பேசாத விஷயம், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி வெளியே வந்துவிட்டது.

வெற்றிச்செல்வன் திரும்பிப் போனார். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து தன் எவர்சில்வர் பாட்டிலை எடுத்து, இருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து, மிச்சத்தை ஜன்னல் வழியாக உதறிவிட்டு நீட்டினார்.

"வெறும் தண்ணிதாங்க ஊத்தறது. வாடை அடிக்காது. நல்லாப் புடிங்க, வளைவுல கொட்டிரப் போகுது."

கொட்டகையில் அடுப்பு பற்றியது. ஒவ்வொரு கடைத் தண்ணீரையும் கொதிக்கவைத்து, இசக்கியம்மா கடையில் ஊற்றுகிற அதே பாக்கெட் பாலை ஊற்றி, ரஞ்சனி வரிசையாகக் கிளாஸ்களை வைத்தாள். வேலாமணிக்கு எப்போதும் இத்தலார்த் தூள்தான் ராஜா. உயரத்துத் தோட்டம், மெல்லிய மணம். அதை எந்தக் கலவையிலும் முன்னால் நிறுத்துவார். பந்தலூர், சேரங்கோடு பக்கத்துத் தூளைக் கண்டால் அவருக்கு ஆகாது. "கசாயத் தூளு" என்பார். ரஞ்சனியின் சொந்த ஊர்த் தூள் அது. ஆரம்பத்தில் ஒரு தடவை அவள் அதைச் சேர்க்கலாமா என்று கேட்டு, வேலாமணி முகத்தைச் சுளித்ததோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

மற்றக் கடைத் தண்ணீர்களை எப்படியோ சமாளித்தார்கள். பெரிய கடைத் தண்ணீரில் இத்தலார்த் தூள் செத்தே போனது. அளவைக் கூட்டினார்கள், கசப்புதான் கூடியது. வேறு தூள்களைச் சேர்த்தார்கள், அதே கழனித் தண்ணீர். கண்டக்டர் பாட்டிலில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது.

வேலாமணி கிளாஸைக் கீழே வைத்தார்.

"உங்க ஊர்த் தூள எடு கண்ணு."

ரஞ்சனி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அலமாரியின் அடித்தட்டிலிருந்து சேரங்கோடு பக்கத்துத் தூளை எடுத்தாள். அவளே தனக்கென்று வாங்கி வைத்துக் குடிக்கிற தூள்.

"எங்க ஊட்ல தேத்தண்ணின்னா சாயம் கிளாஸ்ல நிக்கணும்க்கா. இல்லாட்டி அப்பா குடிக்கவே மாட்டாரு."

தூள் கொதித்ததும் நிறம் இறங்கியது. செங்கல் நிறத்தில் கெட்டியாக நின்றது. பால் ஊற்றியும் அசையவில்லை. ரஞ்சனி குடித்தாள். வேலாமணி குடித்தார். உப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. லாரி ஓட்டிக் களைத்து வந்தவனுக்கு ஒரு கிளாஸ் போதும் என்கிற மாதிரி டீ. அரைக் கரண்டி கூட்டி, கால் கரண்டி குறைத்து, அளவு கைக்கு வருகிற நேரத்தில் பாட்டில் காலியாகிவிட்டது.

கடைசிக் கலவையைச் சரிபார்க்கத் தண்ணீர் இல்லை. வேறு வழியில்லாமல் குன்னூர்க் குழாய்த் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். வேலாமணி ஒரு வாய் வைத்துவிட்டு, வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். மூக்கம்மாவைக் கூப்பிட்டு ஒரு வாய் கொடுத்தார்கள்.

"ஐயோ அக்கா! இதக் குடிச்சா பேதி நிக்கும். யாருக்கு அனுப்பறீங்க இத?"

இந்துமதி கிளாஸை முகர்ந்து பார்த்ததோடு சரி.

ரஞ்சனியின் முகம் வாடிவிட்டது. "அக்கா, எனக்குப் பயமா இருக்கு. அளவு கொஞ்சம் முன்னப் பின்ன ஆயிருந்தா அவ்வளவுதான். இன்னொரு வாட்டி தப்பா அனுப்பினா அந்தம்மா போனே எடுக்க மாட்டாங்க. இன்னொரு தடவ தண்ணி கொண்டு வரவும் நேரமில்ல. வேணும்னா நம்ம இத்தலார்த் தூளப் பாதி சேத்துரலாமா? உங்களுக்கும் மனசு சமாதானமாகும்."

இந்த இடத்தில்தான் வேலாமணியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. வாழ்நாள் முழுக்க ஒரு ருசியைத் தூக்கி வைத்துக் கொண்டாடியவர், தன் நாக்கே வேண்டாம் என்று துப்பிய டீயை, தன் கம்பெனியின் பெயரில் அனுப்ப வேண்டும். சரிபார்க்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. மூலையில் இரண்டு பெண்கள் ஒன்றும் தெரியாமல் பை தைத்துக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை பேர் அந்த நேரத்தில் பாதிக்குப் பாதி என்று ஒதுங்கியிருப்பார்கள்! நிறையப் பேர்.

"இந்த டீய நானா குடிக்கப் போறேன்?" என்றார் வேலாமணி. "உடன்குடித் தண்ணில நல்லா இருந்துது. அத நீயும் குடிச்ச, நானும் குடிச்சேன். உன் கை அளவ நான் நம்பறேன். அப்படியே அனுப்பு. இத்தன வருசம் உங்க ஊர்த் தூள வாய்க்கு வந்தபடி பேசினேன். ஒரு வாய் குடிச்சும் பாக்காமப் பேசினேன். தப்புதான் கண்ணு."

ரஞ்சனிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, லேப்டாப்பைத் திறந்து அளவை ஏற்றுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

மூட்டைகள் லாரியில் ஏறின. அதற்கப்புறம் கொட்டகையில் யாருக்கும் வேலை ஓடவில்லை. வேலாமணி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். ஆறுமுகசாமி இரண்டு தடவை கூப்பிட்டு, இரண்டு தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். வெற்றிச்செல்வனின் பாட்டிலைக் கழுவி பஸ் ஸ்டாண்டில் கொடுக்கப் போனபோது, அவர் "என்னாச்சுங்கக்கா?" என்று கேட்டார். இன்னும் தெரியவில்லை என்று சொல்லும்போது வேலாமணியின் குரல் இறங்கிவிட்டது. மூக்கம்மாவையும் இந்துமதியையும் நேருக்கு நேர் பார்ப்பதையே அவர் தவிர்த்துக்கொண்டிருந்தார். நிறுத்த வேண்டி வந்தால் எந்த வார்த்தையால் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து, எந்த வார்த்தையும் சரிப்படாமல் விட்டுவிட்டார்.

இசக்கியம்மா கூப்பிட்டபோது கொட்டகை மேல் காலம் தப்பிய மழை கொட்டிக்கொண்டிருந்தது. தகரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வேலாமணி போனைக் காதில் அழுத்திக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார்.

"என்னம்மா தூளு அனுப்பிருக்கிய!"

வேலாமணி போனை இன்னும் அழுத்திக்கொண்டார். "ஏனுங்கம்மா, என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? நம்ம மாஸ்டரு, வாயத் திறந்து நல்லாருக்குன்னு சொல்லுத ஆளா அவன்? கடைக்குப் போட்ட டீய அவனே ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டு நிக்கான். நேத்து ராத்திரி கடை அடைக்க முன்னயே பால் தீந்துட்டு. இந்தத் தூளு எல்லாக் கடைக்கும் வேணும் எனக்கு. வழக்கமா அனுப்புததுக்கு மேல பாதி சேத்து அனுப்புங்க, சீக்கிரம்."

வேலாமணி சரிங்கம்மா, சரிங்கம்மா என்றார். போன் அணைந்த பிறகும் மூட்டைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தார். ரஞ்சனி எட்டிப் பார்த்தாள். வேலாமணி தலையை மட்டும் ஆட்டினார். ரஞ்சனி சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

வேலாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பை தைக்கிற இடத்துக்கு வந்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக இரண்டு பேரின் முகத்தையும் நேராகப் பார்த்தார்.

"மூக்கம்மா, இந்து, ஆர்டர் நெறைய வந்திருக்குது. நாளைக்கு ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் முன்னாடி வந்துருங்க."

இந்துமதி ஊசியைக் கீழே வைத்தாள். "ஐயோ, போங்கக்கா! இந்தக் குளிர்ல எப்படிங்க விடியறதுக்குள்ள வர்றது? தண்ணியத் தொட்டா கை வெரச்சுப் போகுது. மனுசங்களப் பத்திக் கொஞ்சமாச்சும் நெனக்கறீங்களா நீங்க? எப்பப் பாத்தாலும் ஆர்டர், ஆர்டர், ஆர்டர். இந்த வேலையே வேண்டாம்னு ஒரு நாள் போட்டுட்டுப் போகத்தான் போறேன், பாருங்க!"

வேலாமணி பக்கத்தில் கிடந்த மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். "இன்னும் திட்டு கண்ணு," என்றார்.